சோபாவைக் கட்டியிழுக்கப் போற மருமோனுக்கு

மருமோன், நீ போட் வேண்டின கதை எனக்கு மூண்டாம் ஆள் சொல்லித்தான் தெரியும். பரவாயில்லை. போட்டுக்குக் காசு எண்ணேக்கை மாமன்ர நினைவு வராது; போட்டுக்குப் பின்னால எதைக் கட்டியிழுக்கிறது எண்டு மண்டை குழம்பேக்கைதான் வரும். உலக வழக்கம் அது. 16 அடிப் போட், 60 குதிரைவலு எஞ்சின், ரெயிலரோட மார்க்கத்து வீட்டு வாசலில நிக்குதாம். றோட்டால போற சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது எண்டு கொம்மாவுக்குச் சரியான புளுகம்.

இப்ப படம் ஒண்டு அனுப்பியிருக்கிறாய். காத்தடிக்கிற சோபா. நாலு பேர் சாய்ஞ்சிருக்கலாம். முதுகுக்கு மெத்தை, கைக்குப் பிடி. பெட்டியில நாலு பிள்ளையள் அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கினம். "மாமா, இது நல்லதோ?" எண்டு கேட்டிருக்கிறாய். மெத்த நல்லது மோனை. விறாந்தையில போட்டுப் படுத்திருந்து நாடகம் பாக்கலாம்.

ஏரியில இழுக்கிறது எண்டால்தான் கொஞ்சம் கணக்குப் பாக்க வேணும். நான் பருத்தித்துறையில வள்ளம் வலிச்சவன். எனக்குக் கணக்கு விரல் மடிச்சுத்தான் வரும். நீ யூனிவேசிற்றியில படிச்சனி. பிழை இருந்தால் திருத்து.

உன்ர போட்டில சுக்கானுக்குக் கிட்ட ஒரு சின்னத் தகடு ஒட்டிக் கிடக்கும். விலை பேசின அண்டைக்கு அதை நீ பாத்திருக்க மாட்டாய். ரேடியோவையும் போத்தல் வைக்கிற ஓட்டையையும்தான் பாத்திருப்பாய். எத்தினை பேர் ஏறலாம், எவ்வளவு பாரம், எவ்வளவு எஞ்சின் எண்டு அதிலதான் எழுதியிருக்கும். உன்ர போட்டுக்கு 5 பேர் எண்டு கொம்மா வாசிச்சுச் சொன்னவ. அவவுக்குக் கண்ணாடி போட்டாலும் கண் நல்லது.

கனடாச் சட்டம் என்ன சொல்லுது? ஆளைக் கட்டியிழுக்கிற போட்டில ஓட்டுறவரை விட இன்னொராள் இருக்க வேணும். அவற்றை வேலை பின்னால திரும்பி, இழுபடுற ஆக்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறது. அதோட, இழுபடுற ஒவ்வொராளுக்கும் போட்டுக்குள்ள ஒரு இருக்கை காலியாக் கிடக்க வேணும். ஏனெண்டால் விழுந்தவனையும் களைச்சவனையும் ஏத்திக்கொண்டு வர வேணும். தண்ணியில விட்டிட்டு வாற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை.

இனி விரலை மடி. ஓட்டுறது நீ, ஒண்டு. பாக்கிறவர், ரெண்டு. சோபாவில நாலு பேர். ஆறு வந்திட்டுதே! தகட்டில 5 எண்டல்லோ கிடக்குது. மிஞ்சின ஆளை எங்க வைக்கப் போறாய்? அணியத்தில நங்கூரத்தோட சுத்தி வைப்பியோ? கொம்மாவும் வாறன் எண்டு நிக்கிறா. மகனின்ர போட்டில ஏறாமல் அவ கரையில இருந்து கடலை கொறிக்கப் போறதில்லை. அவவுக்கு ஒரு இருக்கை. அப்ப மிச்சம் ரெண்டு. உனக்குப் பிள்ளையளும் ரெண்டு. கடையில நாலு பேர் சோபாவைப் பாத்து நிண்ட நேரத்துக்கு வீட்டில இருக்கிற தலையளை எண்ணியிருந்தால் அண்டைக்கே முடிவு வந்திருக்கும்.

"இல்லை மாமா, பெரிசாக் கிடந்தால் விருந்தாளியள் வரேக்கை உதவும்" எண்டு சொல்லுவாய். தெரியும். எங்கட ஆக்கள் நாலு பேருக்குச் சமைக்க வெளிக்கிட்டு நாப்பது பேருக்குச் சமைக்கிற சாதி. சமையலில மிஞ்சினால் பெட்டியில கட்டிக் குடுக்கலாம். தண்ணியில மிஞ்சினால்?

அமெரிக்காவில நீர்விளையாட்டுச் சாமான் செய்யிற கம்பனியளுக்கு ஒரு சங்கம் இருக்குது. அவை ஒரு ஆளுக்கு 170 றாத்தல் எண்டு கணக்கு வைச்சிருக்கினம். எங்கட கிலோவில 77. ரெண்டு பேருக்கு 340, நாலு பேருக்கு 680 றாத்தல். அந்த 170 எண்ட கணக்கைப் போட்டவர் உன்ர மச்சான் சாப்பிடுறதைக் கண்டிருக்க மாட்டார். அவர் ஏறினால் ரெண்டு பேர் சீட்டில ஒராள் எண்டு எழுது. பெட்டியில "4 பேர்" எண்டு போட்டிருக்கிறதை மட்டும் பாக்காதை. அதுக்குக் கீழ சின்ன எழுத்தில மொத்தப் பாரம் போட்டிருக்கும். பெரிய எழுத்து விக்கிறதுக்கு, சின்ன எழுத்துத்தான் உனக்கு.

இனி எஞ்சின். 60 குதிரை எண்டு நீ சொல்லேக்கை நெஞ்சு நிமிருது. நிமிரட்டும். போட்டுக்குள்ள மூண்டு பேர், பெற்றோல் ராங்கி, கொம்மா கட்டின சோத்துப் பெட்டி, அதுக்குப் பின்னால நாலு தடியர் குந்தின சோபா. நிண்ட நிலையில இருந்து வெளிக்கிடேக்கை அந்தச் சோபா பாதி தாண்டு, முன்னுக்குக் கிடக்கிற தண்ணியை எல்லாம் தள்ளிக்கொண்டு வரும். போட் எழும்பி ஓடாது. அணியத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தண்ணிக்குள்ள இருத்திக்கொண்டு நிண்டு உறுமும். முன்னுக்கு என்ன வருது எண்டு உனக்குத் தெரியாது, அணியம்தான் தெரியும். எஞ்சின் பெற்றோல் குடிக்கும். சோபா நடைவேகத்தில வரும். பிள்ளையள் கொஞ்ச நேரத்தில சலிச்சுப்போய் ஐபாட் கேக்குங்கள்.

விரலுக்குத் தக்க வீக்கம் எண்டு உங்கட அம்மம்மா சொல்லுவா. உன்ர விரல் 16 அடி, 60 குதிரை. அதுக்கு ரெண்டு பேர் வீக்கம் காணும்.

ரெண்டு பேர் எண்டு முடிவெடுத்தாலும் சோலி முடியாது. ரியூப் எண்டு சொல்லுற இந்தக் காத்துச் சாமானுக்கு உருவம் எண்டு ஒண்டு இருக்குது. கனேடியன் ரயர் கடையில போய்ப் பார், கோடை துவங்கினால் சுவர் நிறையத் தொங்கும். தட்டையா வட்டமா ஒண்டு. அதில குப்புறப் படுத்துக்கொண்டு பிடியைப் பிடிக்கிறது. இளந்தாரியளுக்கு அதுதான் விருப்பம், ஏனெண்டால் தண்ணிக்குக் கிட்டக் கிடக்கும், வழுக்கும், திருப்பத்தில எறியும். முகத்துக்கு நேர தண்ணி அடிக்கும். ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில படுத்தால் ஒருதரின்ர மண்டை மற்றவரின்ர வாயில இடிக்கும். பல்லு டொக்டருக்கு உன்ர வேலையில இன்சூரன்ஸ் எவ்வளவு குடுக்கினம் எண்டு கேட்டுப்போட்டு வேண்டு.

இன்னொண்டு நடுவில குழி வைச்சது. பிள்ளை அந்தக் குழிக்குள்ள இடுப்பை இறக்கிக் குந்தி இருக்கும். உருளாது, வழுக்காது, தண்ணி பயந்த பிள்ளைக்கு நல்லது. ஆனால் குழி இறுக்கமா இருந்தால் கவிழேக்கை கால் கெதியா வெளியில வராது. அதால பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. காத்தடிச்சுக் காட்சிக்கு வைச்சிருந்தால் நிலத்திலயே அதுக்குள்ள இருத்தி, எழும்பி வெளியில வரச் சொல்லு. கடைக்காரன் பாத்தால் பாக்கட்டும். உடுப்புக் கடையில கொம்மா எத்தினை சீலையைப் பிரிச்சுப் போடச் சொல்லுறவ, நீ ஒரு ரியூப்புக்கு வெக்கப்படுறாய்.

பிறகு உன்ர சோபா வகை. ரெண்டு பேர் சோபாவும் இருக்குது; அதைக் குறை சொல்ல மாட்டன். முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறதால நாரி பிடிச்ச ஆக்களும் ஏறலாம். அநேகமா அதுக்கு முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு எண்டு கயிறு கொளுவ ரெண்டு இடம் இருக்கும். முன்பக்கம் கொளுவினால் ஆறுதலா இருந்து போகலாம். மற்றப் பக்கம் கொளுவினால் முழங்காலில நிண்டு சாய்மானத்துக்கு மேலால பிடிச்சுக்கொண்டு போகலாம். ஒரு சாமானில ரெண்டு விளையாட்டு. சிக்கனக்காரனுக்கு இதை விட வேற என்ன வேணும்?

வாழைப்பழம் மாதிரி நீட்டா ஒண்டு வரும், அதில காலைப் போட்டு வரிசையா இருக்கிறது. அது கடற்கரை ஹோட்டல்காரன் காசுக்கு ஏத்திற சாமான். உனக்கு வேண்டாம்.

பறக்கிற ரியூப் எண்டு ஆராவது பழசு விக்க வந்தால் கதவைச் சாத்து. 10 அடி அகலத்தில மஞ்சள் வட்டமா ஒண்டு, போட் இழுக்க இழுக்க ஆளோட ஆகாசத்துக்கு எழும்பும். அமெரிக்காவில சந்தைக்கு வந்த கையோட ஆக்கள் உயரத்தில இருந்து தண்ணியில அடிபட்டு, சாவும் நடந்து, 2006 ஜூலையிலயே ஏறக்குறைய 19,000 சாமானைத் திருப்பி எடுத்தவை. தண்ணியில போறதுக்கு வெளிக்கிட்டவன் ஏன் வானத்துக்குப் போக வேணும்?

இப்ப நீ சிரிக்கிறாய். "மாமா, எங்கட ரத்தத்திலயே கடல் இருக்குது" எண்டு சொல்லப் போறாய். ஓமோம். வல்வெட்டித்துறையில எங்கட கைகள் கட்டின அன்னபூரணி எண்ட கப்பல் பாய் விரிச்சு 1938இல அமெரிக்காவில குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போய்ச் சேர்ந்ததுதான். அதை வேண்டின றொபின்சன் எண்ட அமெரிக்கன் கப்பலுக்குத் தன்ர மனிசியின்ர பேரை வைச்சான். அது வேற கதை, நீ உன்ர போட்டுக்குப் பேர் வைக்கேக்கை ஞாபகம் வைச்சிரு. ஆனால் அதில போன தண்டல்மாருக்கு ஒன்ராறியோவில போட் ஓட்டுற அட்டை இருக்கேல்லை. உனக்கு வேணும். 2009 செப்ரெம்பருக்குப் பிறகு எஞ்சின் பூட்டின போட்டில கை வைக்கிற எல்லாருக்கும் வேணும். ரத்தத்தை பொலிசிட்டக் காட்ட ஏலாது மோனை.

கட்டியிழுக்கிற விசரும் எங்கட காலத்தில வந்தது இல்லை. 1922இல மினசோட்டாவில பெப்பின் எண்ட ஏரியில ரால்ஃப் சாமுவேல்சன் எண்ட பெடியன், வயசு 18, பலகையின்ர முனையைத் தாயின்ர செப்புப் பானையில அவிச்சு வளைச்சு, அதில ஏறி நிண்டு போட்டுக்குப் பின்னால சறுக்கினவன். அதுதான் தண்ணி ஸ்கீயின்ர துவக்கம் எண்டு சொல்லுகினம். பானைக்குத் தாய் என்ன பேசினவ எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.

சரி, கயிறு. இதில பகிடி குறைய விடுறன், வடிவாக் கேள்.

ரியூப்புக்கு நூற்றுக்கணக்கில காசு குடுத்துப்போட்டு, கயிறுக்கு மட்டும் கராஜில கிடக்கிற பழசைத் தேடுறவன் ஒவ்வொரு குடும்பத்திலயும் ஒருதன் இருப்பான். எங்கட குடும்பத்தில அது ஆர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்கீ கயிறு ஒரு ஆள் பலகையில நிண்டு வாறதை நினைச்சுப் பின்னினது. ரியூப் தண்ணியைப் பிடிச்சு இழுக்கிற இழுவை வேற. அந்தச் சங்கக்காரர் சொல்லுற கணக்கு இது: ஒராள் ரியூப்புக்கு 1,500 றாத்தல் இழுவை தாங்கிற கயிறு, ரெண்டு பேருக்கு 2,375, மூண்டு பேருக்கு 3,350, நாலு பேருக்கு 4,100. ரெண்டு பேரின்ர பாரம் 340 தானே, ஏன் 2,375 எண்டு கேப்பாய். அலையில தாண்டு எழும்பேக்கை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். அந்த வெட்டு நிறுவைத் தராசில ஏறாது. கயிறு அறுந்தால் பின்னால மட்டும் போகாது, திரும்பி உன்ர முகத்துக்கும் வரும். நீளம் 50 அடிக்குக் குறையக்கூடாது, 65 அடிக்கு மிஞ்சக்கூடாது. கட்டையா இருந்தால் எஞ்சின் எறியிற தண்ணி எல்லாம் பிள்ளையின்ர மூக்குக்குள்ள. நீட்டா இருந்தால் திருப்பத்தில பிள்ளை எந்தப் பக்கத்துக் கரையில நிக்குது எண்டு உனக்குத் தெரியாது. வெயில் பட்ட கயிறு வெளிறிப்போய் நூல் எழும்பிக் கிடந்தால் கொடி கட்டி உடுப்புக் காயவிடு, அதுக்கு உதவும்.

கொளுவிற இடமும் முக்கியம். உன்ர எஞ்சின் பின்பக்கத்தில நடுவில தொங்குது. கயிறை நேர எஞ்சினில கட்ட நினைச்சியோ? நினைச்சிருப்பாய். போட்டின்ர பின்பக்கம் ரெண்டு மூலையிலயும் இரும்பு வளையம் இருக்கும். அந்த ரெண்டிலயும் கொளுவி, எஞ்சினுக்குப் பின்னால ஒண்டாச் சேர்ற மாதிரி ஒரு இழுவைக் கயிறு விக்குது, நடுவில மிதவையும் உருளையும் வைச்சு. அதை வேண்டு. நாளைக்குப் பெரிய போட் வேண்டி, மேல வளைச்ச இரும்புக் கோபுரம் பூட்டினாலும் அதில ரியூப்பைக் கட்டாதை. அது நிண்டு சறுக்கிறவனை இழுக்க வைச்சது. பாரமான ரியூப் அதைப் பிடிச்சு வளைக்கும், போட்டையும் சரிக்கும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன். உள்ள பிளாஸ்ரிக் பை, வெளியில நைலோன் உறை போட்டதைப் பார். உறை இல்லாத மலிவுச் சாமான் நீச்சல் குளத்துக்கு. நைலோன் தடிப்பை டெனியர் எண்டு போட்டிருப்பினம். 840 எண்டால் நல்ல தடிப்பு. பிடியில விரல் மொழி உரசாமல் மெத்தைத் துணி தைச்சிருக்கோ எண்டு உன்ர விரலை விட்டுப் பார்.

காத்தடிக்கிறதில எங்கட ஆக்கள் கருமி. வாயால ஊதுவம் எண்டு வெளிக்கிடுவினம், பாதியில தலை சுத்தும், "காணும் காணும்" எண்டு விடுவினம். காணாது. உறையில சுருக்கம் இல்லாமல் இழுபட்டு நிக்க வேணும். தொய்ஞ்ச ரியூப் தண்ணியைக் கிண்டிக்கொண்டு மூக்குக் குத்தித் தாழும். இழுவை எல்லாம் தையலில விழுந்து கிழிக்கும். 12 வோல்ற் பம்ப் ஒண்டு வேண்டு. கரை வெயிலில இறுக்கி அடிச்சது குளிர் தண்ணியில இறங்கினதும் சுருங்கும், அதால ஏரியில ஒருக்கால் திரும்ப அடி. பின்னேரம் கரையில இழுத்துப் போடேக்கை கொஞ்சம் காத்தைத் திறந்து விடு. இல்லாட்டில் வெயிலில வெடிச்சால் பக்கத்து ரென்ற் காரர் வெடி வைக்கிறாங்கள் எண்டு நினைப்பினம். எங்கட ஆக்கள் எண்டால் உடன நிலத்தில படுத்திடுவினம்.

ஓட்டுறதில ஒண்டு ரெண்டு. போட் வளையேக்கை ரியூப் வெளிப்பக்கமா, உன்னை விடப் பெரிய வட்டத்தில சுத்தும். உன்ர கண்ணுக்கு முன்னால கிடக்கிற முள்ளு 30 கிலோமீற்றர் எண்டு காட்டேக்கை பிள்ளை அதை விடக் கூட வேகத்தில பறக்குது. பிள்ளையளுக்கு 24, பெரியாக்களுக்கு 32 கிலோமீற்றருக்கு மேல வேண்டாம் எண்டு அநேகமா ரியூப்பிலயே எழுதியிருக்கும். பிள்ளை பெருவிரலை மேல தூக்கிக் காட்டினால் "அப்பா நல்லாயிருக்கு" எண்டு அர்த்தம் இல்லை, "இன்னும் வேகம்" எண்டு அர்த்தம். நல்லாயிருக்கு எண்டால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் காட்ட வேணும். இதைக் கரையில வைச்சே சொல்லிக் குடு. பெருவிரல் கீழ எண்டால் மெதுவா. கழுத்துக்குக் குறுக்கால கை எண்டால் நிப்பாட்டு. விழுந்த பிள்ளையை ஏத்தேக்கை எஞ்சின் நிண்டிருக்க வேணும். நியூட்ரல் காணும் எண்டு ஆராவது சொன்னால் அவரைக் கரையில இறக்கு.

லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும், அளவு பாத்து. இடுப்பில பட்டியாக் கட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் காத்து ஊதுற வகை நாகரிகம்தான். ஆனால் 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குக் கனடாவில அங்கீகாரம் இல்லை. நுரை வைச்சது வேண்டு. வடிவில்லாமல் கிடக்கும். போட்டோவுக்குக் கழட்டாதை.

எங்க போறது? சிம்கோ ஏரி கிட்ட எண்டு எல்லாரும் அங்கதான். பெரிய ஏரி, காத்து எழும்பினால் சின்னப் போட்டைக் குலுக்கி எடுக்கும். வெள்ளன போ, காத்துக்கு முதல் முடி. றைஸ் லேக் ஆழம் குறைவு, புல்லும் மரக்கட்டையும் கிடக்கிற இடம். தூண்டில் போடு, ரியூப் இழுக்காதை. கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள 10 கிலோமீற்றருக்கு மேல ஓட ஏலாது. படம் எடுக்க மனிசி கரையில நிக்கிறா எண்டு கிட்ட வந்து வெட்டித் திருப்பாதை. பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கட்டியிழுக்கிறதே சட்டத்துக்கு மாறு. திரும்பேக்கை போட்டிலயும் ரெயிலரிலயும் ஒட்டின புல்லைப் பிடுங்கிப்போட்டு, தண்ணி அடைப்பைக் கழட்டி வடிய விட்டிட்டுத்தான் றோட்டில ஏற வேணும். 2022 துவக்கம் ஒன்ராறியோவில அது சட்டம். ரியூப்பின்ர உறைக்குள்ளயும் புல்லும் தண்ணியும் நிக்கும். சிப்பைத் திறந்து பார். பாக்காட்டில் அடுத்த கிழமை கராஜ் மணக்கேக்கை மனிசி பாப்பா.

அப்ப என்ன வேண்டுறது? ரெண்டு பேர் இருக்கிற, சாய்மானம் வைச்ச, முன்னுக்கும் பின்னுக்கும் கொளுவ இடம் உள்ள, நைலோன் உறை போட்ட ஒண்டு. 60 அடியில, 2,375 றாத்தலுக்குக் குறையாத கயிறு ஒண்டு. மூலை ரெண்டிலயும் கொளுவிற இழுவைக் கயிறு. பம்ப். மிஞ்சின காசுக்குக் கொம்மாவுக்கு ஒரு நல்ல தொப்பி. நாலு பேர் சோபாவை இப்பவே வேண்டி வைச்சிருந்தால் ரசீதைத் தேடு, பெட்டி பிரிக்காட்டில் திருப்பி எடுப்பினம்.

இருக்கைக் கணக்கையும் முடிச்சு வைச்சிட்டன். ஓட்டுறது நீ, அணியத்தில கொம்மா, ரெண்டு பிள்ளையளுக்கு ரெண்டு, நாலு போட்டுது. உன்ர மனிசி தண்ணிக்குப் பயம், கரையில நிழல் பாத்து இருப்பா. பின்னால திரும்பிப் பாத்துக்கொண்டு இருக்கிற உத்தியோகம் ஒண்டு மட்டும் காலியாக் கிடக்குது. சம்பளம் வேண்டாம். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ஸ்காபரோ வீட்டு வாசலில நிப்பன், வந்து ஏத்து.